ஸ்பெயின் மகளிர் ரோலர் ஹாக்கி லீக்கை ஒரு சீசன் முழுவதும் பின்தொடர்வது எப்படி?

ரோலர் ஹாக்கி என்ற பெயரில் உலகில் இரண்டு ஆட்டங்கள் உலவுகின்றன. ஒன்று, ஒற்றை வரிசைச் சக்கரம் பூட்டிய ஸ்கேட்டில், தட்டையான வட்டை அடித்து ஆடுவது. மற்றொன்று, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரங்கள் கொண்ட ஸ்கேட்டில், வளைந்த சிறு மட்டையால் கெட்டியான பந்தை அடித்து ஆடுவது. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான். போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, அர்ஜென்டினா, சிலி ஆகிய நாடுகளில் இதற்கு ஆழமான வேர் உண்டு. இந்திய மகளிர் அணியும் இதன் உலகப் போட்டிகளில் ஆடியிருக்கிறது என்றாலும், நம் பக்கத்தில் பார்வையாளர்கள் மிகக் குறைவு. அப்படிப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்கு நான் முதலில் கைகாட்டுவது ஸ்பெயினின் மகளிர் உயர்நிலை லீக்கான ஓகே லீகா ஃபெமெனினாவைத்தான்.

காரணம் எளிது. 2008-09 சீசனில் தொடங்கிய இந்த லீக், மகளிர் ஆட்டத்தில் வேறெந்த நாட்டு லீக்கையும்விட நீண்ட காலம் மேலோங்கி நின்றிருக்கிறது. மகளிருக்கான ஐரோப்பியக் கிளப் கோப்பை 2007 முதல் 2019 வரை 13 முறை வழங்கப்பட்டது. அவற்றில் 12 ஸ்பெயின் கிளப்களுக்கே போயின. வோல்ட்ரெகா 6, கிகோன் 5, மாட்ரிட்டை ஒட்டிய அல்கோர்கோன் 1. இடையில் 2015-இல் மட்டும் லிஸ்பனின் பென்ஃபிகா அதைத் தட்டிச் சென்றது.

ஒரு சீசனைப் பின்தொடர்வது என்றால் புள்ளிப் பட்டியலை வாரந்தோறும் பார்ப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த ஆட்டத்தில் அது போதாது. எந்த அணி ஏறுகிறது, எது சறுக்கப் போகிறது என்பதைப் பட்டியலுக்கு முன்பே சொல்லிவிடும் இடம் ஒன்று உண்டு: அணித் தவறுகளின் எண்ணிக்கை. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் சீசனின் பாதி புரிந்துவிடும் என்பது என் கருத்து. ஆகவே விதிகளில் தொடங்குவோம். ஆனால் எல்லா விதிகளும் தேவையில்லை.

களம் பொதுவாக 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், மூலைகள் வளைந்திருக்கும். பந்து தடுப்பில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. கோல் கம்பம் பின்தடுப்பிலிருந்து சற்று முன்னால் வைக்கப்படுவதால், கோலுக்குப் பின்னாலிருந்தும் தாக்குதலைக் கட்டலாம். கோலின் அகலம் 1.70 மீட்டர், உயரம் 1.05 மீட்டர்தான். கனத்த கால்கவசங்களோடு கோல்கீப்பர் தாழ அமர்ந்துவிட்டால் அதில் திறந்திருக்கும் இடம் மிகச் சிறிது. களத்தில் ஒரு கோல்கீப்பரும் நான்கு வீராங்கனைகளும் ஆடுவார்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வரை பதிவு செய்யலாம்; ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஆட்டம் 25 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். ஆட்டம் நிற்கும்போது கடிகாரமும் நிறுத்தப்படுவதால், ஓர் ஆட்டத்தைப் பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி 45 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் பந்தை வெறுமனே உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாததற்கு இந்த விதியே காரணம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். எதிராளியை மட்டையால் தட்டுவது, இடித்துத் தள்ளுவது போன்ற சாதாரணத் தவறுகள் ஒவ்வொன்றும் அந்த அணியின் கணக்கில் ஏறும். இந்தக் கணக்கு பத்தைத் தொட்டதும் எதிரணிக்கு ஒரு நேரடி அடி கிடைக்கும். அதன்பின் 15, 20, 25 என ஒவ்வொரு ஐந்தாவது தவறுக்கும் மீண்டும் ஒரு நேரடி அடி. கூடைப்பந்தில் அணித் தவறுகளின் கணக்கு இடையில் அழிந்து புதிதாகத் தொடங்கும். இங்கே இடைவேளையில்கூட அழிவதில்லை. முதல் பாதியில் சேர்த்த ஏழு தவறுகள் இரண்டாம் பாதியிலும் முதுகில் ஏறியே வரும். இதைத் தவிர, மோசமான தவறுக்கு நடுவர் நீல அட்டை காட்டினாலும் பெரும்பாலும் நேரடி அடிதான். அதோடு தவறு செய்தவர் வெளியேற, அவருடைய அணி இரண்டு நிமிடம் வரை ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இடையில் கோல் வாங்கிவிட்டால் எண்ணிக்கை மீண்டும் சமமாகும். சிவப்பு அட்டை என்றால் வெளியேறியவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. ஆள் குறைவும் நான்கு நிமிடம் வரை நீளும்.

நேரடி அடியை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பந்து கோல் கோட்டிலிருந்து 7.40 மீட்டர் தொலைவில் உள்ள புள்ளியில் வைக்கப்படுகிறது. மற்றவர்கள் எல்லாரும் விலகிப்போக, களத்தின் அந்தப் பகுதியில் அடிப்பவரும் கோல்கீப்பரும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். நடுவர் விசில் ஊதியபின் அடிப்பவருக்கு இரண்டு வழிகள்: நின்ற இடத்திலிருந்தே வலுவாக அடிக்கலாம், அல்லது பந்தை உருட்டிக்கொண்டு முன்னேறி, கோல்கீப்பரை ஒரு பக்கம் சாயவைத்து மறுபக்கம் தள்ளலாம். முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் பந்தின்மேல் தோளைத் தாழ்த்தி, மட்டையைப் பின்னுக்குச் சற்று நீளமாக இழுப்பார்; இரண்டாம் வழிக்குப் போகிறவர் பெரும்பாலும் முதல் தொடுகையிலேயே பந்தை மட்டையின் வளைவுக்குள் அணைத்துக்கொள்வார். கோல்கீப்பர் ஒரு முழங்காலைத் தரையோடு மடித்து, கையுறையை மேல் மூலைக்கு உயர்த்திக் காத்திருப்பார். கோலாவதைவிடத் தடுக்கப்படுவதே அதிகம். அதனால்தான், இதில் தொடர்ந்து கோல் போடக்கூடிய ஒரே ஒரு வீராங்கனை இருந்தாலும் அந்த அணியின் சீசன் வேறுவிதமாக அமைந்துவிடுகிறது. 5.40 மீட்டரிலிருந்து அடிக்கும் பெனால்டி தனி. அதைவிட நேரடி அடியையே நான் முக்கியமாகக் கருதுவேன். ஏனெனில் பெனால்டி ஒரு கணத்தின் தவறு, பத்தாவது தவறோ அணியின் பழக்கம்.

எனவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் இணையதளத்தில் ஆட்டத் தாள் வெளியாகும். கோல் அடித்தவர்கள், அடித்த நிமிடங்கள், அட்டைகள், அணித் தவறுகள் எல்லாம் அதில் இருக்கும். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் அதைப் படித்துவிடலாம், எண்களும் பெயர்களும்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இறுதி எண்ணிக்கை, இடைவேளை எண்ணிக்கை, இரு அணிகளின் தவறுகள், கிடைத்த நேரடி அடிகள், அவற்றில் கோலானவை, நீல அட்டைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஐந்தாறு சுற்றுகளுக்குப் பின் இந்த ஏடு பேசத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, ஓர் அணி நான்கு ஆட்டங்களை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் அது 14, 16, 13, 15 என்று தவறு செய்திருந்து, எதிரணிகள் தங்களுக்குக் கிடைத்த நேரடி அடிகளை எல்லாம் வீணாக்கியிருந்தால், அந்த மூன்றாம் இடம் அதன் கோல்கீப்பர் தாங்கிப் பிடித்திருக்கும் இடம். வலுவான அணியொன்று வரும் வாரத்தில் அது சரியும் என்று தயங்காமல் எழுதிவைக்கலாம். மாறாக, தோற்றாலும் தவறுகளை எட்டு ஒன்பதுக்குள் நிறுத்தும் அணியை மறந்துவிடாதீர்கள். பிப்ரவரி வாக்கில் அது மேலே வரும்.

நேரலையில் பார்க்கும்போது திரையில் கோல் எண்ணிக்கைக்கு அருகிலேயே தவறுகளின் எண்ணிக்கையும் தெரியும். ஓர் அணி ஒன்பதை எட்டியதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அதுவரை மட்டையை நீட்டிப் பந்தைப் பறித்த தடுப்பாட்டக்காரர்கள் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். உடலால் வழியை மறைப்பதோடு நின்றுவிடுவார்கள். அனுபவமுள்ள எதிரணி உடனே பந்தைச் சுற்றவிடுவதை நிறுத்திவிட்டு தடுப்பவரை ஒருவருக்கு ஒருவராக நேரே எதிர்கொள்ளத் தொடங்கும். ஒன்பதாவது தவறோடு பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் அணியே நல்ல அணி. பயிற்சியாளர்கள் தங்கள் ஒரு நிமிட இடைநிறுத்தத்தை இந்தத் தருணத்துக்காகச் சேமித்து வைப்பதையும் பார்க்கலாம். கடைசி நிமிடங்களில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது தாக்குதல் வீராங்கனையை இறக்குவதும் உண்டு. காலியான கோலுக்குள் அரைக் களத்திலிருந்து பந்து உருண்டு போவதைப் பார்க்க நேர்ந்தால் அதைப் படுதோல்வி என்று குறித்துவிடாதீர்கள். ஏட்டில் தனிக் குறி இடுங்கள்.

அடுத்து ஊர்கள். இந்த லீக்கைப் புரிந்துகொள்ள ஸ்பெயினின் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான கிளப்கள் கத்தலோனியாவில், அதிலும் பார்சிலோனாவைச் சுற்றிய சிறு நகரங்களில் இருக்கின்றன. கால்பந்தில் பார்சிலோனாவும் மாட்ரிட்டும் ஆள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் வியப்பாகத்தான் இருக்கும். ஐரோப்பியக் கோப்பையை ஆறு முறை வென்ற வோல்ட்ரெகா, சான்ட் இபோலித் தெ வோல்ட்ரெகா என்ற, சுமார் நான்காயிரம் பேர் வாழும் ஊரின் அணி. சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மன்யேவு. இவ்விரு ஊர்களும் மோதும் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் யார் எங்கே இருந்தாலும் ஆட்டத்தில் சூடு குறையாது. பார்சிலோனாவுக்கு வடக்கே பலாவ்-சோலிதா இ பிளெகமான்ஸ் நகரத்தின் பலாவ் அணி. இவற்றுக்கெல்லாம் வெகு தொலைவில், வடக்குக் கடற்கரையில் அஸ்தூரியாஸ் பகுதியின் கிகோன். பார்சிலோனாவிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கத்தலோனிய அணிகள் பல வாரங்கள் வீட்டிலிருந்து கிளம்பி ஆடிவிட்டு அன்றிரவே வீடு திரும்பிவிடும்போது, கிகோனின் வீராங்கனைகள் வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் வார இறுதியையே செலவழிக்க வேண்டியிருக்கிறது. இவர்களில் பலர் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ ஆடுபவர்கள் என்பதை நினைத்தால், கிகோன் ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

பெயர்கள் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. அணியின் பெயருக்கு முன்னால் நிதி தரும் நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும். அது சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும். கிகோன் டெலிகேபிள் என்றும், பலாவ் ஜெனராலி என்றும் வந்ததுண்டு. லீக்கே சில சீசன்களில் ஓகே லீகா இபர்ட்ரோலா என்று அழைக்கப்பட்டது. ஏட்டில் எப்போதும் ஊர்ப் பெயரையே எழுதுங்கள்.

ஊருக்கு ஊர் களத்தின் தரையும் மாறும். சில இடங்களில் மரத் தரை. சில இடங்களில் மெருகூட்டிய சிமெண்டுத் தரை. வழுக்கும் தரைக்கு மென்மையான சக்கரம், நன்றாகப் பிடிக்கும் தரைக்குக் கடினமான சக்கரம் என்று வீராங்கனைகள் பையில் இரண்டு மூன்று வகைகளைக் கொண்டுவருவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் நாலைந்து சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றி மாற்றுவதைப் பார்க்கலாம். வெளியூர் அணி முதல் பத்து நிமிடங்களில் திரும்பும்போதெல்லாம் தடுமாறுகிறது என்றால், அது உத்தியின் குறை என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். தடுப்பில் பட்டுப் பந்து திரும்பும் வேகமும் இப்படித்தான். சொந்தக் களத்தில் ஆடுபவருக்கு அது மனப்பாடம். எனவே ஒவ்வோர் அணிக்கும் சொந்தக் களத்து முடிவுகளையும் வெளியூர் முடிவுகளையும் தனித்தனியே எழுதுவது பயன் தரும்.

நாள்காட்டிக்கு வருவோம். சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி மே, ஜூன் வரை நீளும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதும். 14 அணிகள் ஆடும் சீசனில் அது 26 சுற்றுகள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. சாம்பியன் பட்டம் லீக் சுற்றுகளோடு முடிவாகிறதா, பிளே-ஆஃப் உண்டா என்பதை அந்த சீசனின் போட்டி விதிமுறையில் முதல் வேலையாகப் பாருங்கள். லீக்கோடு முடிந்தால் அக்டோபரில் இழந்த இரண்டு புள்ளிகூட மே மாதத்தில் வந்து நிற்கும். பிளே-ஆஃப் இருந்தால் வலுவான அணிகள் நடுவில் சில வாரங்கள் தளர்ந்து ஆடுவதை மன்னிக்கலாம். சம புள்ளிகள் பெற்றவர்களை எப்படிப் பிரிக்கிறார்கள், எத்தனை அணிகள் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறங்கும் என்பவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இடையில் வருவது கோபா தெ லா ரெய்னா, அதாவது அரசியின் கோப்பை. லீக்கின் முதல் பாதி முடியும்போது முதல் எட்டு இடங்களில் இருக்கும் அணிகள் இதற்குத் தகுதி பெறும்; குளிர்காலத்தின் இறுதியில் ஒரே ஊரில், ஒரே வார இறுதியில் காலிறுதி, அரையிறுதி, இறுதி என நடந்து முடிந்துவிடும். இதனால் டிசம்பர், ஜனவரி ஆட்டங்களுக்குத் தனி உயிர் வருகிறது. பட்டத்துக்கும் வாய்ப்பில்லாமல், கீழிறங்கும் அச்சமும் இல்லாமல் நடுவில் கிடக்கும் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் இடத்து அணிகள் இந்த நாட்களில் உயிரைக் கொடுத்து ஆடும். நேரம் குறைவாக உள்ளவர் சீசனில் ஒரு பகுதியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இதையும் கோப்பையையும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆட வேண்டியிருப்பதால், இரண்டாவது கோல்கீப்பரும் மாற்று வீராங்கனைகளும் எப்படிப்பட்டவர்கள் என்பதும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

மேல் வரிசை அணிகளுக்கு இதோடு ஐரோப்பியப் போட்டியும் சேரும். நடுவாரத்தில் அல்லது மறுநாளே வெளிநாட்டுப் பயணம் இருந்தால், அதற்கு அடுத்த லீக் ஆட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எதிர்பாராத தோல்விகளில் பல அங்கேதான் நிகழும். தேசிய அணிக்கான போட்டிகளும் வீராங்கனைகளின் கால்களைத் தேய்த்துவிடுகின்றன. ஸ்பெயின் மகளிர் அணி 2016-இல் சிலியின் இக்கிகேயிலும், 2017-இல் சீனாவின் நான்ஜிங்கிலும், 2019-இல் பார்சிலோனாவிலும் அடுத்தடுத்து உலகப் பட்டம் வென்றது. வோல்ட்ரெகாவின் அன்னா கசாராமோனா போன்றவர்கள் கிளப்புக்கும் நாட்டுக்கும் மாறி மாறி ஆடிய காலம் அது. அர்ஜென்டினாவிலிருந்து வந்து ஆடுபவர்களும் இந்த லீக்கில் உண்டு. வோல்ட்ரெகாவுக்கு ஆடிய அட்ரியானா குட்டியெரெஸ் அவர்களில் ஒருவர். இடையே ஒன்று சொல்ல வேண்டும்: 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது ஆடவருக்கு மட்டுமே களம் கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் ஷ்ப்ரிங்கே நகரில் முதல் மகளிர் உலகப் போட்டி நடந்தது, வென்றது கனடா. இன்றைய வல்லரசுகளின் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

பார்ப்பதற்கான நேரம் பற்றி. ஆட்டங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும். ஸ்பெயின் கடிகாரத்தைவிட இந்திய, இலங்கை நேரம் குளிர்காலத்தில் நான்கரை மணியும் கோடைக்காலத்தில் மூன்றரை மணியும் முன்னால் இருக்கும்; அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் இந்த மாற்றம் நிகழும் நாட்கள். அங்கே மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஜனவரியில் நமக்கு இரவு பத்தரை, மே மாதத்தில் இரவு ஒன்பதரை. ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடப்பதால் ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றை மறுநாள் ஆட்டத் தாளில் படிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சில சொற்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: நேரடி அடி ‘ஃபால்தா டிரெக்தா’, நீல அட்டை ‘தர்ஹேதா அசுல்’, சுற்று ‘ஹோர்னாதா’, கோல்கீப்பர் ‘போர்தேரா’. பந்து சிறியது, வேகம் அதிகம்; முதல் சில ஆட்டங்களில் திரையில் பந்தையே காணாமல் திண்டாடுவீர்கள். பந்தைத் தேடாமல் மட்டைகளைப் பாருங்கள். யாருடைய மட்டை தரையோடு ஒட்டியிருக்கிறதோ, பந்து அங்கேதான்.

ஏப்ரலுக்குப் பின் குறிப்பேட்டை முன்னிருந்து மீண்டும் ஒருமுறை புரட்டுங்கள். கடைசி ஐந்து சுற்றுகளில் கீழ்வரிசை அணிகள் சந்திக்க வேண்டிய எதிரணிகளை வரிசையாக எழுதி, எவை சொந்தக் களத்தில், எவை வெளியூரில் என்று பிரித்துவிடுங்கள். கீழிறங்கும் அணியை முடிவு செய்வது பெரும்பாலும் இவர்களுக்குள் நடக்கும் ஆட்டங்கள்தான். மேல்வரிசை அணியிடம் தோற்பது எல்லாரும் எதிர்பார்ப்பது. கீழ்வரிசை அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களிலோ இருபுறமும் பயம் அதிகம் என்பதால் தவறுகளும் அதிகம், பத்தாவது தவறும் முன்னதாகவே வந்துவிடும். சீசன் முடிந்ததும் ஜூன், ஜூலையில் வீராங்கனைகள் கிளப் மாறும் செய்திகள் வரத் தொடங்கும். போர்ச்சுகலுக்குப் போகிறவர்களும் உண்டு. நேரடி அடிகளில் அதிக கோல் போட்டவர் யார், அவற்றை அதிகம் தடுத்த கோல்கீப்பர் யார் என்பது உங்கள் ஏட்டில் ஏற்கெனவே இருக்கும். அந்த இருவரும் அடுத்த சீசனில் எந்த ஊருக்கு ஆடப் போகிறார்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, விதிகளில் ஏதேனும் திருத்தம் வந்திருக்கிறதா என்று செப்டம்பரில் ஒருமுறை பாருங்கள்.